கால் பக்கம் முன்னால

சபாபதிக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளாக இருந்தாலும் அதன் பேர், உறுப்பு, உள்கூடு எல்லாம் தெரிந்துகொள்ளாமல் வாங்கமாட்டார். குக்கர் வாங்கப் போனால் வால்வு எதற்கு, வாஷர் எதற்கு என்று கடைக்காரனைக் குடைந்தெடுத்து, அவன் மதியச் சாப்பாட்டையே மறக்கும்படி செய்துவிடுவார். இந்திராணி அதற்குள் தெருமுனைப் பூக்காரியோடு ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்திருப்பாள். "உன்ன பொண்ணு பார்க்க வந்தப்போ எத்தினி கேள்வி கேட்டாரு?" என்று பூக்காரி ஒருநாள் கேட்டாள். "நீ வேற! அன்னிக்கு வாயே தொறக்கல" என்றாள் இந்திராணி. பெரிய காஞ்சிபுரத்தில் அந்தத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்த கதை இது.

தொழில் அப்படி. பட்டுத்தறிக்கு அட்டை அடிப்பவர் அவர். காகிதத்தில் வரைந்த மயிலையும் யாளியையும் அட்டையில் ஓட்டை ஓட்டையாகப் போட்டுக் கொடுத்தால், அந்த ஓட்டைகளைப் பார்த்துத் தறி பூ போடும். ஒரு ஓட்டை தப்பி விழுந்தால் மயிலுக்கு மூக்கு இருக்காது. ஒரு புடவையோடு போகிற தப்பா அது? அந்த அட்டை ஓடுகிற வரைக்கும் நெய்கிற மயிலெல்லாம் மூக்கறுந்த மயில்தான். அதனால் மனுஷர் எதையும் ரெண்டு தடவை கேட்பார், பிறகு சரிபார்ப்பார், அப்புறமும் நம்பமாட்டார்.

அப்படிப்பட்டவர், வாயைத் திறக்க வேண்டிய ஒரு நேரத்தில் திறக்காமல் இருந்துவிட்டார்.

ஒரே பிள்ளை குமரகுரு. ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போனவன், அங்கே எஸ்தர் என்கிற அரக்கோணத்துப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். சபாபதி சண்டை போடவில்லை, சபிக்கவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். இந்திராணி மட்டும் மறைவாகப் பேசிக்கொண்டிருந்தாள். அதுவும் அவருக்குத் தெரியும், தெரியாதது போல இருந்தார். பிள்ளை ஒருநாள் வந்து நிற்பான், 'நைனா' என்று கூப்பிடுவான், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. பாழாய்ப்போன கணக்கு!

ஒரு விடியற்காலையில் எஸ்தரிடமிருந்து போன் வந்தது. காரில் போய்க்கொண்டிருந்தவனை லாரி அடித்துவிட்டது. போய்விட்டான். அழுது அழுது கம்மிப்போன குரலில் அவள் கேட்டாள்: "மாமா, ஊருக்கு எடுத்துக்கினு வரட்டுமா? வேணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எப்படியாவது கொண்டாந்துடறேன்."

சபாபதி போனைப் பிடித்தபடி நின்றார். சொல்ல வேண்டிய வார்த்தை வாய் வரைக்கும் வந்து திரும்பிப்போனது. 'மாமா, மாமா' என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தப் பக்கமும் சத்தம் நின்றுபோனது. அவர் பேசாததை அவள் 'வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டாள். வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வாள், பாவம்? தன் சர்ச்சுக் கல்லறைத் தோட்டத்தில், தன் ஆட்களை வைத்து, அவனை அடக்கம் செய்தாள்.

"பெத்த புள்ள பொணத்தக்கூட வேணாம்னுட்டாரே" என்று ஊர் பேசியது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லையே! தோள் கொடுக்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, கூட நாலடி நடக்கவில்லை. இந்திராணி அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவரைத் தின்றது.

தலை திவசத்துக்குச் சில மாதம் இருக்கும்போது இந்திராணியின் போனுக்கு எஸ்தர் ஒரு செய்தி அனுப்பினாள். கல்லறையில் இன்னும் கல் வைக்கவில்லையாம். குமரகுருவின் பேரைத் தமிழில் வெட்ட அங்கே ஆள் கிடைக்கவில்லையாம். நீங்கள் இங்கிருந்து அனுப்பினால் நினைவுநாளுக்குள் வைத்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாள். இந்திராணி அதை வாய்விட்டுப் படித்தாள். படித்து முடித்ததும் சபாபதி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

கல்லை அவரே தேர்ந்தெடுத்தார். நல்ல கருங்கல். மேலே பெரிய எழுத்தில் குமரகுரு. அடியில், 'சபாபதி – இந்திராணி மகன்'. நடுவில் எஸ்தர் சொன்ன பைபிள் வசனம் ஒன்று. சிற்பி ஒவ்வொரு எழுத்தையும் வெட்டும்போது பக்கத்திலேயே நின்று, 'ரு'வின் சுழி சரியாக விழுந்ததா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். எடை இருநூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

சரக்கு அனுப்புகிற ஏஜென்ட் உதயகுமார், "கல்லைச் சும்மா அனுப்ப முடியாது ஐயா. மரப் பேலட்டுல வெச்சுக் கட்டணும்" என்றான். பேலட் என்றால் சரக்கின் அடியில் போடுகிற மரத்தட்டு. சபாபதி உடனே ஆரம்பித்துவிட்டார். எந்த மரம்? எத்தனை பலகை? எந்தப் பக்கம் தூக்குவார்கள்? கொஞ்ச நேரத்திலேயே உதயகுமார் கும்பிட்டுவிட்டான். "முசரவாக்கம் ரோட்டுல துர்காதேவின்னு ஒரு அம்மா பட்டறை வெச்சிருக்காங்க. எல்லாத்தையும் அவங்ககிட்டயே கேட்டுக்குங்க. என்னை வுட்டுடுங்க."

துர்காதேவி ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகளுக்கு லாரி லாரியாகப் பேலட் அடித்துக் கொடுப்பவள். தலையில் மரத்தூள், காதில் பென்சில், யாரையும் நிற்க வைத்துப் பேசாத நல்ல மனசு.

"உக்காருங்க ஐயா. எத்தினி பீஸ் வேணும்?"

"ஒண்ணு."

"ஒரு லோடா?"

"ஒண்ணே ஒண்ணும்மா."

அவள் சிரித்துவிட்டாள். "ஒரு இட்லிக்கு அண்டா வெக்கச் சொல்றீங்களே! சரி, இன்னா மாதிரி வேணும்?"

"மொதல்ல இதுல இன்னது இன்னதுன்னு எனக்குத் தெரியணும். அப்புறம்தான் ஆர்டரு."

வேறு யாராவது இருந்தால் விரட்டியிருப்பார்கள். அவளுக்கு அன்றைக்கு நல்ல பொழுது போலிருக்கிறது. அடித்து வைத்திருந்த பேலட் ஒன்றை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாள்.

"மேல அடிச்சிருக்கிறது டாப் பலகை. கீழ இருக்கிறது பாட்டம் பலகை. நடுவுல நீட்டா மூணு கட்டை நிக்குது பாருங்க, இதான் ரன்னரு. ஸ்ட்ரிங்கருன்னும் சொல்லுவாங்க. கனமெல்லாம் இதும்மேலதான் இறங்குது. நீட்டுக் கட்டைக்குப் பதிலா துண்டு துண்டா கட்டை வெச்சி அடிச்சா அது பிளாக் பேலட்டு."

"ரன்னரு நெட்டா ஓடற பாவு மாதிரி, பலகை குறுக்க ஓடற ஊடை மாதிரி" என்றார் சபாபதி.

"எனக்குத் தறி தெரியாது. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அளவு சொல்றப்போ ரன்னரு நீளத்தை மொதல்ல சொல்லணும். பலகை நீளம் அப்புறம். மாத்திச் சொன்னீங்கன்னா நாங்களும் மாத்தி அடிச்சிடுவோம். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

வெளிநாடு என்றால் மரத்தைச் சூடான அறையில் போட்டு வேகவைக்க வேண்டும் என்றாள். உள்ளே புழுவோ முட்டையோ இருந்தால் செத்துவிடும். அதற்கு அடையாளமாகக் கதிர் படம் போட்ட முத்திரை குத்துவார்கள். அது இல்லாத மரத்தை அந்த ஊரில் இறக்கவே விடமாட்டார்கள். அப்புறம் எடை. தரையில் சும்மா கிடக்கும்போது பேலட் தாங்குகிற எடை ஒன்று, தூக்கிக்கொண்டு போகும்போது தாங்குகிற எடை வேறு. "தூக்கிக்கினு போறப்போதான் ஐயா கம்மியாத் தாங்கும். அதைத்தான் கேட்டு வாங்கணும்" என்றாள். சபாபதி அதை வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"கடைசியா ஒண்ணுதான். டூ வேயா, ஃபோர் வேயா?"

"அப்படின்னா?"

அவள் வாசலில் நின்ற ஃபோர்க்லிஃப்ட்டைக் காட்டினாள். "அதுக்கு முன்னால ரெண்டு நாக்கு நீட்டிக்கினு இருக்குது பாருங்க. அது பேலட்டுக்குள்ள நுழைஞ்சிதான் தூக்கணும். டூ வேன்னா முன்பக்கமோ பின்பக்கமோதான் நுழையும். பக்கவாட்டுல ரன்னரு மறிச்சிக்கினு இருக்குது, நுழையாது. ஃபோர் வேன்னா நாலு பக்கமும் நுழையும். உங்களுக்கு ஃபோர் வேதான். கண்ண மூடிக்கினு போடுங்க."

சபாபதி ஃபோர்க்லிஃப்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தன் அதில் ஏறி, வாசலில் இருந்த பேலட் அடுக்கொன்றைப் பக்கவாட்டில் குத்தித் தூக்கிக் குறுக்காகவே கொண்டுபோய்க் கடாசினான்.

"டூ வே போடும்மா."

"ஐயா, ஃபோர் வேன்னேன்."

"கேட்டுச்சி. டூ வே."

"கன்டெய்னருக்குள்ள எப்படித் திருப்பி வெப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது ஐயா. அடைச்ச பக்கம் கதவைப் பார்த்து நின்னுடுச்சின்னா வெளிய எடுக்கறதுக்குள்ள தாவு தீந்துடும். எல்லாத்தையும் இவ்ளோ பொறுமையா கேட்டுட்டு இதுல ஏன் மண்டையை ஆட்டறீங்க? அப்படி இன்னாதான் கல்லு அது, அம்மிக்கல்லா?"

"என் புள்ளையோட கல்லறைக் கல்லு."

துர்காதேவி காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

சபாபதி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அத்தனை மாதமாக வீட்டில்கூடச் சொல்லாதது, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் கொட்டியது. "அவன் போறப்போ நான் தோள் குடுக்கலம்மா. இந்தக் கல்லுதான் நான் அவனை அனுப்பறது. வீட்டுலேருந்து எடுக்கறப்போ கால் பக்கம் முன்னால போவணும், தலை பின்னால வரணும். அதான் முறை. யாராவது பொணத்தைக் குறுக்கால தூக்குவாங்களா? கண்டவனும் கண்ட பக்கம் குத்தித் தூக்கிக்கினு போவறதுக்கு அவன் மூட்டையா? தலைப்பக்கம் நாக்கு நுழைஞ்சா கால் முன்னால போவும். பக்கவாட்டுல நுழைய வழியே இருக்கக்கூடாது. டூ வே போடு."

"ரன்னர்ல பள்ளமா ரெண்டு காடி மட்டும் வெட்டி வுடட்டுமா? ஒரு ஆத்திரம் அவசரத்துக்கு நாக்கு பக்கவாட்டுலயும் நுழையும்."

"வேணாம்மா."

பேலட் அடிக்கிறவளுக்கு அது தப்பு என்று தெரியும். இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்து 'முடியாது' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. யாருக்குத்தான் வரும்? பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "சரி ஐயா, நல்ல கட்டையாப் பார்த்துப் போடறேன்" என்றாள்.

கல் ஏற்றுகிற அன்றைக்கு இந்திராணியும் பட்டறைக்கு வந்தாள். கல்லை வண்டியில் கொண்டுவந்து பேலட்டின் மேல் மல்லாத்திப் படுக்க வைத்தார்கள். பேர் ரன்னரின் ஒரு முனையில், பெற்றவர்கள் பேர் மறுமுனையில். மெத்தைத் துண்டு சுற்றி, இரும்புப் பட்டை போட்டு இறுக்கினார்கள். தலைப்பக்கத்தில், 'இங்கே தூக்கவும்' என்று இங்கிலீஷில் பெரிதாக எழுதச் சொல்லியிருந்தார் சபாபதி. எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தார். முத்திரையையும் ரெண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

ஃபோர்க்லிஃப்ட் தலைப்பக்கம் நுழைந்து தூக்கியது. கால் முன்னால் போயிற்று. யார் சொன்னார்களோ, துர்காதேவிதான் சொல்லியிருக்க வேண்டும், அறுக்கிற மிஷின்கள் எல்லாம் நின்றன. வேலை செய்தவர்கள் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஒதுங்கினார்கள். ஓட்டுகிறவன் மெதுவாக, பாடை தூக்குகிறவன் நடக்கிற வேகத்துக்கு ஓட்டினான். சபாபதி பக்கத்திலேயே நடந்தார். ஒரு கை கல்லின் மேல் இருந்தது. செருப்பை எங்கேயோ விட்டிருந்தார்.

இந்திராணி அதுவரைக்கும் அழவில்லை. இரும்பு கேட் வரைக்கும் வந்தவள் அங்கேயே நின்று தூணைப் பிடித்துக்கொண்டு, "என் ராசா, போறியா" என்று ஒரு குரல் எடுத்தாள் பாருங்கள், ரோட்டில் போன பஸ்காரன் வேகத்தைக் குறைத்துவிட்டான். அதற்கு மேல் அவள் நகரவில்லை. பொம்பளைங்க அதோடு நின்றுவிட வேண்டும், அதுதான் வழக்கம். லாரியில் ஏற்றியதும் சபாபதி வந்து அவள் பக்கத்தில் நின்றார். "ஒழுங்கா அனுப்பிட்டேன்" என்றார். பிள்ளை செத்த பிறகு அன்றைக்குத்தான் மனுஷர் இன்னொரு கரண்டி சோறு கேட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

அந்தச் சோறு நிலைக்கவில்லை.

உதயகுமார் நேரிலேயே வந்தான். போனில் சொல்ல மனசு வரவில்லை என்றான். கன்டெய்னரில் பல பேர் சரக்கு சேர்ந்து போகிறது. கடைசியில் மிஞ்சிய இடத்துக்குக் கல் நீளவாக்கில் அடங்கவில்லை. உள்ளே வைத்தபிறகு கடப்பாரை போட்டு நெம்பிக் குறுக்காகத் திருப்பி நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஊரில் கதவைத் திறந்தபோது ரன்னர் அடைத்த பக்கம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. ஃபோர்க்லிஃப்ட் நாக்குக்கு நுழைய வழியில்லை. சங்கிலி கட்டி இழுத்திருக்கிறார்கள். பட்டை அறுந்து, கல் சறுக்கி, கன்டெய்னர் விளிம்பில் மோதி...

"ரெண்டா போச்சு ஐயா" என்று போட்டோவைக் காட்டினான்.

சபாபதி போட்டோவை வாங்கவில்லை. "ரெண்டு காடி" என்றார். "வெட்டறேன்னு கேட்டா அந்தப் பொண்ணு. ரெண்டே காடி."

இந்திராணிதான் வாங்கிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். அத்தனை மாதமும் அடக்கி வைத்திருந்த ஆத்திரம் மொத்தமும் வந்தது. "ஒரு குக்கர் வாங்கறதுக்கு ஊரையே கேள்வி கேக்கற மனுஷன்! அவ கதறிக்கினு கேட்டப்போ வாயில இன்னா வெச்சிக்கினு இருந்த? அன்னிக்கு வர வேண்டியவன உன் வாயால வரவுடாம பண்ண. இன்னிக்கு ஒரு கல்லு... ஒரு கல்லக்கூட முழுசா போய்ச் சேரவுடல நீ!" கத்திவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உதயகுமார் எப்போது எழுந்து போனான் என்று யாருக்கும் தெரியாது.

செய்தி கேட்டுத் துர்காதேவி வந்தாள். வாசல்படியிலேயே நின்று, "நான் அடிச்சிக் குடுத்திருக்கக் கூடாது ஐயா" என்றாள். "நீ சொன்னியேம்மா" என்றார் அவர். இந்திராணி வெளியே வந்து அவளுக்குக் காபி கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு எஸ்தர் கூப்பிட்டபோதெல்லாம் சபாபதி போனை எடுக்கவில்லை. என்ன சொல்வது? உன் புருஷன் கல்லை நான்தான் உடைத்தேன் என்றா? போன் அடித்து அடித்து ஓயும். அவர் அட்டை அடிக்கிற மிஷின் முன்னால் உட்கார்ந்து, அடிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். இந்திராணியோ அதை எடுக்காமல் இவரையே பார்ப்பாள். இவராக எடுக்கட்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு.

நினைவுநாள் வந்தது. காலையில் குளித்து, விபூதி பூசி, குமரகுருவின் படத்துக்கு முன்னால் படையல் போட்டிருந்தார்கள். போன் அடித்தது. வீடியோ கால். எஸ்தர்தான். சபாபதி எழுந்து உள்ளே போகப் பார்த்தார். இந்திராணி வழியை மறித்துப் போனை அவர் கையில் திணித்தாள்.

"அன்னிக்கு மாதிரி நிக்காத. பேசு."

திரையில் எஸ்தர். வெள்ளைப் புடவை. கல்யாணப் போட்டோவில் பார்த்த முகம் இளைத்துப் பாதியாகியிருந்தது. பின்னால் புல்வெளி, வரிசை வரிசையாகக் கல்லறைகள், கோட் போட்ட ஆட்கள் சிலர், அவர்கள் காலடியில் கம்பளியில் சுற்றிய ரெண்டு துண்டு கல்.

"மாமா" என்றாள். அவர் எடுத்ததையே அவளால் நம்ப முடியவில்லை. "மாமா, கேக்குதா? கோவிச்சிக்காதீங்க. எத்தினியோ தடவை கூப்பிட்டேன்."

கோபித்துக்கொள்ள வேண்டியவள் அவள். அவள் கேட்கிறாள்.

"உடைஞ்சத நினைச்சி நீங்க மனசு வுடாதீங்க மாமா. வேற கல்லு வெட்டலாம்னு இங்க சொன்னாங்க. நான்தான் இதையே வெக்கணும்னு சொல்லிட்டேன். சேர்த்து ஒட்டித் தர்றாங்களாம். கோடு தெரியும், பரவால்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "முழுசா இருந்திருந்தா கிரேன்லதான் எறக்கியிருப்பாங்க. கல்லறைங்களுக்கு நடுவுல மிஷின் வர வழியில்ல, வெளியேருந்து மேலாலயே தூக்கித்தான் வெக்கணும்னாங்க. இப்போ துண்டா இருக்கறதால ஆளுங்களே தூக்கிக்கினு போயிடலாமாம். சர்ச்சு ஆளுங்க வந்திருக்காங்க. தோள்ல வெச்சே எடுத்துக்கினு போறோம்னு சொல்றாங்க."

சபாபதி போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். இந்திராணி அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள்.

"அதான் ஒண்ணு கேக்கணும் மாமா. அவரு போனப்போ உங்க முறை எதுவும் எனக்குத் தெரியல. யாரையும் கேக்கவும் முடியல. இப்போவாவது சரியா செய்யணும்." அவள் போனைத் திருப்பிக் கல்லைக் காட்டினாள். "எந்தத் துண்டு முன்னால போவணும்?"

சபாபதி வாயைத் திறந்தார். அன்றைக்கு மாதிரியே. சத்தம் வரவில்லை. எஸ்தர் அங்கே, "மாமா... மாமா..." என்றாள். அன்றைக்குக் கூப்பிட்ட அதே குரல். இந்திராணியின் பிடி இறுகியது.

"கால்" என்றார். யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. இருமினார். "கால் பக்கம் முன்னால போவணும்மா. தலை பின்னால வரணும்."

"கால் பக்கம்னா கீழ்த் துண்டா? உங்க பேரும் அத்தை பேரும் இருக்குதே, அதுவா?"

"ஆமாம்மா."

"அப்போ நீங்க ரெண்டு பேரும்தான் மாமா முன்னால போறீங்க" என்றாள் எஸ்தர்.

அவர்கள் குனிந்தார்கள். 'சபாபதி – இந்திராணி மகன்' என்று எழுதியிருந்த துண்டு நாலு பேர் தோளில் ஏறியது. பின்னால் குமரகுரு ஏறினான். எஸ்தர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். திரை ஆடியது.

சபாபதிக்கு நிற்க முடியவில்லை. போனை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி அவரும் நடக்க ஆரம்பித்தார். கூடம், நடை, வாசல், தெரு. "மெதுவாம்மா. மேடு பள்ளம் பார்த்துப் போகச் சொல்லு. தோள் மாத்திக்கச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே வெறுங்காலோடு நடந்தார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. எதிரே வந்த ஆட்டோ நின்றது. கோயில் பக்கமிருந்து வந்தவர்கள் என்ன ஏது என்று தெரியாமலே ஒதுங்கினார்கள். பூக்காரி கூடையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

இந்திராணி பின்னாலேயே வந்தாள். தெருமுனை வந்தது. பொம்பளைங்க அதற்கு மேல் வரக்கூடாது. அவள் நிற்கவில்லை.